கத்தரிக்கோல் பிடித்த கதை மன்னர்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பழைய வார இதழ்களையும் காலண்டர்களையும் தேடி எடுத்து, கத்தரிக்கோலும் கோந்துமாக அமர்ந்துவிடுவோர் நம்மில் பலர். ஒட்டிய ஆல்பத்தை யாரும் தொட்டுவிடாதபடி பெட்டியில் பூட்டி வைப்போரும் நம்மில் உண்டு. இதே பொழுதுபோக்கில் இறுதிக் காலம் வரை இன்பம் கண்டவர் ஒருவர் இருந்தார். அவர்தாம் டென்மார்க் நாட்டுக் கதை மன்னர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். அவருடைய கதைகளை அறியாத குழந்தை இல்லை. அவர் வெட்டி ஒட்டிய படங்களை அறிந்தவர்களோ மிகச் சிலரே.

1805-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் ஓடென்ஸ் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தை செருப்புத் தைப்பவர். தாய் பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்துப் பிழைத்தவர். வறுமையிலும் தந்தை மகனுக்குக் காகிதப் படங்களும் பொம்மை நாடக மேடையும் செய்து கொடுத்தார். சிறுவனும் கந்தல் துணிகளைச் சேர்த்துப் பொம்மைகளுக்கு உடை தைத்தான். பிறர் எறிந்ததை எடுத்து அழகு செய்யும் பழக்கம் அன்றே வேரூன்றியது.

1816-இல் தந்தை இறந்தார். 1819-இல், 14 வயதில், அவர் தன்னந்தனியாகத் தலைநகர் கோபன்ஹேகனுக்குப் புறப்பட்டார். நடிகராக, பாடகராக, நடனக்காரராக முயன்று எல்லாவற்றிலும் தோற்றார். பசியும் ஏமாற்றமுமே மிஞ்சிய அவ்வேளையில் ஜோனாஸ் கொலின் என்னும் அரசு அதிகாரி அவருக்குக் கை கொடுத்தார். அவர் முயற்சியால் 1822-இல் அரசரின் உதவிப் பணம் கிடைத்தது. 17 வயது இளைஞர், தம்மினும் மிகச் சிறிய பையன்களோடு வகுப்பில் அமர்ந்து, ஏளனத்தைப் பொறுத்துக்கொண்டு படித்தார். கொலின் வீட்டார் அவரைத் தம்மில் ஒருவராகவே நடத்தினர்.

1835-இல் அவருடைய முதல் தேவதைக் கதைகள் வெளிவந்தன. குட்டிக் கடற்கன்னியும் அழகற்ற வாத்துக்குஞ்சும் பின்னர் உலகைச் சுற்றி வந்தன. புகழ் குவிந்தது, ஆனால் தமக்கென்று ஒரு குடும்பம் அமையவில்லை. நண்பர் வீடுகளில் விருந்தினராகவே பல நாட்களைக் கழித்தார். சிறு சொல்லுக்கும் மனம் வாடும் இயல்பினர் அவர். ஆயினும் குழந்தைகள் சூழ்ந்துவிட்டால் கத்தரிக்கோலை எடுத்துவிடுவார். காகிதத்தை மடித்து, கதை சொல்லிக்கொண்டே வெட்டுவார். கதை முடியும்போது காகிதம் விரியும். நடன மங்கையரும் அன்னங்களும் அரண்மனைகளும் அதில் தோன்றுவர். வெட்டியதைக் குழந்தைகளுக்கே கொடுத்தும் விடுவார்.

1859-ஆம் ஆண்டில் அவர் செய்த ஒரு புத்தகம் நம் நெஞ்சைத் தொடுகிறது. கிறிஸ்டின் ஸ்டாம்ப் என்னும் சிறுமிக்காக, அவளுடைய பாட்டனார் அடால்ஃப் திரூசனுடன் சேர்ந்து ஒரு படத்தொகுப்பை உருவாக்கினார். உள்நாட்டு, வெளிநாட்டு இதழ்களில் வெட்டிய படங்களும், அவர் கைப்பட வெட்டிய காகித உருவங்களும், வேடிக்கையான சிறு பாடல்களும் அதில் இடம்பெற்றன. அவள் அக்காள் அஸ்ட்ரிட்டுக்கும் முன்பே அத்தகைய புத்தகம் ஒன்று கிடைத்திருந்தது.

யார் இந்தச் சிறுமியர்? கைதூக்கிவிட்ட ஜோனாஸ் கொலினின் கொள்ளுப் பேத்திகள்! பசித்த சிறுவனாக வந்தவருக்கு அன்று அந்த வீடு கதவைத் திறந்தது. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அவர் அதை மறக்கவில்லை. பொன்னும் பொருளும் அளக்க முடியாத நன்றியைக் காகிதமும் பசையும் அளந்தன.

முதுமையில் நோய் அவரை வாட்டியது. 1873, 1874-ஆம் ஆண்டுகளின் குளிர்காலத்தில், வெளியே நடமாட இயலாத நிலையில், எட்டுப் பகுதிகள் கொண்ட ஒரு பெரிய மடக்குத் திரையில் படங்களை ஒட்டத் தொடங்கினார். குழந்தைப் பருவத்துக்கு ஒரு பகுதி, நாடக உலகுக்கு ஒரு பகுதி, டென்மார்க், ஜெர்மனி, பிரான்சு, இங்கிலாந்து என்று நாடுகளுக்கும் பகுதிகள். ஊர் ஊராகச் சுற்றியவர் தம் வாழ்க்கை முழுவதையும் அறைக்குள்ளேயே வரவழைத்துக்கொண்டார். அத்திரை ஓடென்ஸ் அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டு வருகிறது. 1875 ஆகஸ்ட் 4-ஆம் நாள், தம் 70-ஆம் வயதில், நண்பர் குடும்பம் ஒன்றின் இல்லத்தில் அவர் கண் மூடினார்.

அன்புத் தோழியரே! பெட்டியில் பூட்டிய ஆல்பத்தைப் பூச்சிதான் பார்க்கும். இந்த விடுமுறையில் நாம் ஒட்டும் ஆல்பத்தை ஒருவருக்காக ஒட்டுவோம். நோயுற்றுப் படுத்திருக்கும் பாட்டிக்கோ, படப்புத்தகம் வாங்க வழியில்லாத பக்கத்து வீட்டுத் தங்கைக்கோ, நமக்கு எழுத்தறிவித்த ஆசிரியைக்கோ அதைக் கொடுப்போம். (நூலகத்து இதழ்களில் மட்டும் கத்தரிக்கோல் வைக்க வேண்டாம்!) பழைய காகிதம்தானே என்று எண்ணாமல், அதில் நம் அன்பையும் சேர்த்து ஒட்டுவோமாக!