வாசிக்காத கிட்டார்காரர்

'பங்க்' என்ற முரட்டு இசை என்றதும், பலருக்கு நினைவு வருவது சிட் விஷியஸ்தான். சிலிர்த்த தலைமுடி. கழுத்தில் பூட்டுப் போட்ட சங்கிலி. கையில் கிட்டார்!

லண்டனில் 1957-ம் ஆண்டு மே 10-ந் தேதி பிறந்தவர். இயற்பெயர் ஜான் சைமன் ரிட்சி. 1977-ம் ஆண்டு தொடக்கத்தில், 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழுவில் 'பேஸ்' கிட்டார் வாசித்த கிளென் மேட்லாக் விலகினார். அந்த இடத்துக்கு சிட் வந்தார். அவருக்கு வாசிப்பு சரியாக வராது. ஆனால் பாடகரின் நண்பர். மேடையில் எடுப்பான தோற்றம்!

அந்த அக்டோபரில் 'நெவர் மைண்ட் தி பாலக்ஸ்' ஆல்பம் வெளிவந்தது. பிரிட்டனில் விற்பனையில் முதல் இடம். அதில் 12 பாட்டுகள். சிட் எத்தனை பாட்டுக்கு வாசித்தார்? ஒன்றே ஒன்று, 'பாடீஸ்'. அந்த ஒலியையும் அமுக்கிவிட்டு, ஸ்டீவ் ஜோன்ஸ் அதன்மேல் தாமே வாசித்துப் பதிந்தார். 'அனார்க்கி இன் தி யு.கே.' பாட்டில் கேட்பது மேட்லாக்கின் வாசிப்பு. மற்றதெல்லாம் ஜோன்ஸ். ஒலிப்பதிவுக் காலத்தில் சிட் ஈரல் நோயால் ஆஸ்பத்திரியில் கிடந்ததும் உண்டு.

1978 ஜனவரியில் குழு உடைந்தது. அக்டோபரில், நியூயார்க் ஓட்டல் அறையில் அவருடைய காதலி நான்சி கத்திக்குத்துப்பட்டுப் பிணமாகக் கிடந்தாள். கொலைக் குற்றம் சாட்டி சிட்டைக் கைது செய்தார்கள். வழக்கு விசாரணைக்கே வரவில்லை. ஜாமீனில் வெளிவந்த மறுநாள், 1979 பிப்ரவரி 2-ந் தேதி, ஹெராயின் அளவு மீறி இறந்தார். அப்போது அவருக்கு வயது 21.