எம்.ஜி.ஆரைக் காப்பாற்றிய பழைய தோட்டா

இறக்காமத்தில் எங்கள் வாப்பாமாரின் தலைமுறைக்கு எம்.ஜி.ஆர் என்றால் இரண்டு குரல். 1967க்கு முந்திய படங்களில் கணீரென்ற குரல். பிந்திய படங்களில் கரகரத்து, சொற்கள் இடறுகிற குரல். இடையில் நடந்தது ஒரு ரிவோல்வர் சூடு.

அவர் நம் நாட்டில் பிறந்தவர். 1917 ஜனவரி 17இல் நாவலப்பிட்டியில். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட, தாய் சத்யபாமா பிள்ளைகளுடன் கும்பகோணம் போனார். வறுமை அவரை நாடகக் கம்பெனிக்கு அனுப்பியது. 1936இல் 'சதிலீலாவதி'யில் சிறு வேடம். கதாநாயகனாக உயர 1947இன் 'ராஜகுமாரி' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு தி.மு.க.வின் முகமாகவே ஆனார்.

1967 ஜனவரி 12 மாலை, அவருடைய ராமாவரம் தோட்டத்து வீட்டுக்கு நடிகர் எம்.ஆர்.ராதா வந்தார். பேச்சின் நடுவே துவக்கு வெடித்தது. சன்னம் எம்.ஜி.ஆரின் இடது காதருகே புகுந்து கழுத்தில் தங்கியது. ராதா தன்னையும் சுட்டுக்கொண்டார். வழக்கில் அவர் முன்வைத்த வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சிறைத் தண்டனை விதித்தது.

அவ்வளவு அருகிலிருந்து .45 ரக ரிவோல்வரால் சுட்டும் இருவருமே உயிர் தப்பியது எப்படி? தடயவியல் சொன்ன காரணம் எளியது. தோட்டாக்கள் பல வருடம் பழையவை. கவனமின்றிக் கிடந்ததில் சன்னங்கள் கோதில் தளர்ந்திருந்தன. மருந்து எரிந்து எழும் வாயு இறுக்கமாக அடைபட்டால்தான் சன்னம் வேகமெடுக்கும். தளர்ந்த சன்னத்தின் பின்னால் அந்த அழுத்தம் சேரவில்லை. புதிய தோட்டாவாக இருந்திருந்தால் தமிழ்நாட்டின் வரலாறே வேறு.

துவக்கின் வலு தோட்டாவில் இருக்கிறது என்றால், பழைய ரிவோல்வரில் வலுக்கூடிய தோட்டாவைப் போட்டால் என்ன? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவின் .455 வெப்லி ரிவோல்வர்கள் அமெரிக்காவில் மலிவாக விற்கப்பட்டன. தோட்டா உருளையின் பின்பக்கத்தைச் சீவி, .45 ஓட்டோமெட்டிக் தோட்டா போடும்படி மாற்றினார்கள். உரிய தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 13,000 இறாத்தல்; புதியதன் அழுத்தம் 21,000 வரை. தோட்டா உள்ளே பொருந்துகிறது என்பதற்காக இரும்பு தாங்கும் என்று அர்த்தமில்லை. உருளை வெடித்தால் முதலில் போவது சுடுபவரின் விரல்களும் கண்ணும்.

எம்.ஜி.ஆர் கழுத்துக் கட்டோடு மருத்துவமனையில் கிடந்தபடியே பெப்ரவரித் தேர்தலில் பரங்கிமலையில் வென்றார். 1972இல் அ.தி.மு.க.வைத் தொடங்கி, 1977இல் முதலமைச்சரானார். எண்பதுகளில் விடுதலைப் புலிகளுக்குக் கோடிக்கணக்கில் இந்திய ரூபாய் கொடுத்தார். 1987 டிசம்பர் 24இல் காலமானார்.

அந்த உதவிக்காக வடக்கில் பலர் அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள். கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் அந்த நன்றி அவ்வளவு இலகுவாக வராது. 1990 ஓகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. அவர் கொடுத்த காசில் வாங்கிய துவக்குதான் அங்கே வெடித்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் துவக்குக்குக் கொடுக்கும் காசு எங்கே போய் முடியும் என்பது கொடுப்பவரின் கையில் இல்லை. அதை, கழுத்தில் சன்னம் சுமந்த ஒருவர் மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருக்கலாம்.

பழைய தோட்டா ஒருவரைக் காப்பாற்றியது என்பதால் பழையதெல்லாம் செத்துப்போனது என்று நினைக்கக் கூடாது. யுத்தம் நடந்த மண் இது. வயல் திருத்தும்போதோ குளக்கரையில் மண் வெட்டும்போதோ துருப்பிடித்த தோட்டா கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள், வேறு துவக்கில் பொருந்துமா என்று சோதிக்காதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு 119க்கு அழையுங்கள். எம்.ஜி.ஆருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் இன்னொருவருக்கும் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.