பெரியாறு திருப்பிய படைவீரர் பென்னிகுயிக் சரிதம்

மதுரைக்கு மேற்றிசையில், கம்பம் பள்ளத்தாக்கிலே, சின்னமனூருக்கு அணித்தாய்ச் சுரபி நதிக்கரையில் அமைந்தது குச்சனூர். சனீசுவரர் தாந்தோன்றியாய் எழுந்தருளியிருக்கும் தலமாதலின், ஆடித் திங்களின் சனிக்கிழமைகளில் அங்கே அடியார் கூட்டம் அளவின்றிச் செறியும். யாமும் ஓர் ஆடிச் சனிக்கிழமை அன்பர் சிலருடன் அவ்வூர் சென்று, ஆற்றில் மூழ்கிச் சந்நிதியில் நின்றிருந்தோம். எமக்கு முன்னே எள்ளும் நல்லெண்ணெயும் ஏந்தி நின்ற முதிய உழவர் ஒருவர், தம் குடும்பத்தார் பெயருக்கெல்லாம் அர்ச்சனை செய்வித்தபின், பென்னிகுயிக் துரை பெயருக்கும் ஒன்று செய்யுமாறு வேண்டினார். அர்ச்சகர் நட்சத்திரம் யாதென்று வினவ, உழவர் விடையின்றி நின்றார். இறந்து நூறாண்டு கடந்த ஒருவர்க்கு, அதிலும் வேற்றுச் சமயத்தார்க்கு, அர்ச்சனை எங்ஙனம் பொருந்தும் என்று உடன்வந்த அன்பரொருவர் எம் செவியில் முணுமுணுத்தார். அர்ச்சகர் நல்லவர், சுவாமி பெயருக்கே செய்து, பிரசாதம் கொடுத்து அவரை அனுப்பினார்.

அவ்வுழவர் வேண்டியதிற் பிழையுண்டோ இல்லையோ, அத்துரையின் வரலாற்றை யாம் செவ்வனே அறியாதிருந்தது பிழையேயாம். அவ்வாற்று நீரில் விளைந்த நெல்லின் சோற்றைப் பல்லாண்டு உண்டிருந்தும், அந்நீர் எவரால் வந்தது என்பதைச் செவிவழிச் செய்தியளவிற்கு மேல் யாம் தேடிற்றிலேம். ஆதலின் பின்னர் ஆராய்ந்து தெளிந்தவற்றை ஈண்டு எழுதுவாம்.

ஜான் பென்னிகுயிக் 1841-ம் ஆண்டு ஜனவரி 15-ல் புனா நகரிற் பிறந்தார். அந்நாளைத் தைப்பொங்கலோடு சார்த்திப் பள்ளத்தாக்கினர் கொண்டாடுகின்றனர். அவர் பிறந்த காலத்தில் தைப்பிறப்பு இரண்டு மூன்று நாள் முந்தியே நிகழ்ந்திருக்குமென்பது கணிதம் வல்லார்க்குத் தெரியும்; எனினும் அன்பின் கணக்கில் அவ்வளவு வேறுபாடு பொறுக்கத்தக்கதே. தந்தையார் பிரிகேடியர் பதவியிலிருந்த படைத்தலைவர். 1849-ம் ஆண்டு ஜனவரி 13-ல் சீக்கியரோடு நிகழ்ந்த சில்லியன்வாலாப் போரில் அவர் மாண்டார்; பதினேழே அகவையுடைய மூத்த மைந்தர் அலெக்சாந்தரும் அதே களத்தில் வீழ்ந்தார். நம் ஜானுக்கு எட்டாண்டு நிறைய இரண்டு நாளே இருந்தன. ஒரே பகலில் தந்தையையும் தமையனையும் போர்க்களத்திற் பறிகொடுத்த சிறுவன் மீட்டும் அப்படைத் தொழிலையே நாடியது அக்குடிக்குரிய வழக்கம் போலும்.

செல்டன்ஹாம் கல்லூரியிலும், கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் படைஞர்க்கென நடத்திய ஆடிஸ்கோம்பு கல்லூரியிலும் பயின்று, 1858-ல் சென்னைப் பொறியியற் படையில் லெப்டினன்ட் ஆயினார். 1860-ல் இந்நாடு போந்தார். 1867-68-ல் அபிசீனியா மன்னர் தியோடர்மீது ஆங்கிலேயர் படையெடுத்துச் சென்றபோது இவரும் உடன் சென்று, அப்போருக்குரிய பதக்கமும் பெற்றார். போரைப்பற்றி யாம் சொல்லவேண்டுவது இவ்வளவே. அப்பதக்கத்தால் அவரை இன்று அறிவார் ஒருவரும் இலர்.

இனிப் பெரியாற்றின் செய்தி. மேற்கு மலைத்தொடரிற் பெய்யும் பெருமழையெல்லாம் சேரநாட்டின் வழியே மேல்கடலிற் சென்று வீழ, மலைக்கு இப்பால் வையை மணலாய்க் கிடந்தது. மலையைக் குடைந்து அந்நீரை இப்புறம் திருப்பலாமென்னும் எண்ணம் ஆங்கிலேயர்க்கு முன்னரே நம்மவர்க்கு உண்டாயிற்று. 1789-ல் இராமநாதபுரம் சமஸ்தானப் பிரதானியார் முத்திருளப்ப பிள்ளை பன்னிருவரை அனுப்பி இடம் பார்த்து வரச்செய்தார். பொருளின்மையால் அம்முயற்சி நின்றது. 1808-ல் காப்டன் கால்டுவெல் என்பார் பார்வையிட்டு, இஃது ஆகாத காரியமென்று எழுதி முடித்தார். (திராவிட ஒப்பிலக்கணஞ் செய்த கால்டுவெல் ஐயர் வேறு, மயங்கற்க.) 1850-ல் சிற்றணை ஒன்று தொடங்கி, காய்ச்சலுக்கு அஞ்சி ஆட்கள் கலைய, அதுவும் கைவிடப்பட்டது. பின்னர் 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் வந்து, இலக்கக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனபின் அரசாங்கத்தார் கண்விழித்தனர். 1882-ல் திட்டத்தைச் செப்பஞ்செய்யும் பணி பென்னிகுயிக்கிடம் ஒப்புவிக்கப்பட்டது. திருவிதாங்கூர் மகாராஜாவோடு 1886-ம் ஆண்டு அக்டோபர் 29-ல் உடன்படிக்கை முடிந்தது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டு வாடகை ஐந்து ரூபாய், காலவரை 999 ஆண்டு. 1887-ல் வேலை தொடங்கிற்று.

அவ்வேலையின் அருமை நேரிற் சென்று பார்த்தார்க்கன்றித் தோன்றாது. அணை எழுந்த இடம் யானையும் புலியும் திரியும் பெருங்காடு. அங்கே வழியில்லை, ஊரில்லை. சுண்ணாம்பு, உணவு, பொறிகள் யாவும் கூடலூர்ப் பக்கத்து அடிவாரத்தினின்றே மலைமேல் ஏறவேண்டும். வண்டிப் பாதை போதாமையின், இருப்புக் கயிறு கட்டி, அதில் தொங்கும் தொட்டிகளில் பண்டங்களை மலையுச்சிக்குச் செலுத்தினர். அப்பாற் சிற்றாற்றை மடை கட்டி ஓடம்விடத் தக்கதாக்கி அணைவரை கொண்டு சென்றனர். நம் தண்டியடிகள் திருவாரூர்க் குளத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மண் சுமந்த வரலாறு, இக்கயிற்றுச் செய்தியைப் படித்தபோது எம் நெஞ்சில் தானே வந்து நின்றது. ஆண்டுதோறும் காய்ச்சல் மிகும் திங்கள்களில் வேலை நிற்கும், ஆட்கள் மலையிறங்கிவிடுவர். மழைக்காலத்தில் வெள்ளம் வந்து, நீரை விலக்கக் கட்டிய தற்காலிக அணைகளை அடித்துச் செல்லும். ஒருமுறையன்று, பன்முறை அவ்வாறு நிகழ்ந்தது. கட்டியதை ஆறு கொண்டுபோவதும், மீட்டும் அடியிலிருந்து கட்டுவதுமாகவே ஆண்டுகள் கழிந்தன.

அணையின் இரு முகமும் கருங்கல். அகம் சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கலந்திட்ட காரை. நீளம் ஏறத்தாழ 1,200 அடி. அடியகலம் ஏறத்தாழ 140 அடி, மேலகலம் 12 அடி. முழுநீர்மட்டம் 152 அடி. நீரை இப்புறம் கொணர மலையில் ஒரு மைலுக்குச் சிறிது மிகுந்த நீளத்திற்குச் சுரங்கம் குடைந்தனர்; பாறையைத் துளைக்கும் பொறிகள் அமுக்கிய காற்றால் இயங்கின. சுரங்கத்தின் வழி வீழும் நீர் முதலில் வைரவனாற்றில் இறங்கி, பின் சுருளியாற்றோடு கூடி, வையையை அடைகிறது. மேல்கடலுக்குரிய நீர் கீழ்கடல் நோக்கித் திரும்பிற்று. 1895-ம் ஆண்டு அக்டோபர் 10-ல் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு அதனைத் திறந்து வைத்தார். தொடக்கம் முதல் எட்டாண்டு; குச்சனூர்ப் பெருமானை நினைந்து சொல்லின், ஏழரை நாட்டுச் சனியின் காலத்தினும் சிறிது மிகுதி.

அவ்வெட்டாண்டில் நானூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளர் நோயால் மாண்டனர். அணைக்கு அருகிலேயே அவர்கள் புதைக்கப்பட்டனர். துரையின் பெயர் பிள்ளைகளுக்கு இடப்படுகிறது. படம் வீடுகளில் மாட்டப்படுகிறது. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயர் தாங்குகிறது. 2013-ம் ஆண்டு ஜனவரி 15-ல் லோயர்கேம்பில் மணிமண்டபமும் திறக்கப்பட்டது. அவ்வளவும் தக்கதே. ஆயினும் கல்லும் காரையும் சுமந்து மடிந்த அவர்தம் பெயர்களைச் சொல்லுவார் இலரே என்று எம் மனம் வருந்துகிறது.

இன்னுமொன்று கூறல் வேண்டும். அரசாங்கம் பணம் மறுக்க, துரை சீமைக்குச் சென்று தம் சொத்தையும் மனைவியார் நகையையும் விற்று அணையை முடித்தார் என்று பள்ளத்தாக்கெங்கும் கூறுகின்றனர். அணைக்குச் செலவான எண்பது லட்சத்திற்கு மேற்பட்ட ரூபாயும் சென்னை அரசாங்கத்தார் கணக்கில் எழுதப்பட்ட பொருளேயாம். இதனைச் சொல்லின் அன்பர் சிலர் முகஞ்சுளிப்பர். ஆனால் உண்மையைக் கூறுதலால் அப்பெரியாருக்கு யாதொரு குறையும் வாராது. நகை விற்றல் செல்வமுடையார் எவர்க்கும் இயலும். ஆறு அடித்துச் சென்றதை மீட்டும் மீட்டும் கட்டுதல் எத்துணைப் பேர்க்கு இயலும்?

இனி, அன்பர் எம் செவியில் முணுமுணுத்த ஐயத்திற்கு வருவாம். குளந்தொடுதலும் சாலை வைத்தலும் பசுபுண்ணியம் என்றும், பயனை நுகர்ந்தவழி அழிந்துபடும் என்றும் நம் நூலார் வகுத்தனர். இத்துரையின் செயலும் அவ்வகையினதே எனலாம்; ஊதியம் பெற்று அரசாணையாற் செய்த தொழிலன்றோ எனின், அதுவும் உண்மையே. ஆனால் அந்நீர் நெல்லை மட்டும் விளைத்து நின்றதன்று. கூடலூர் முதல் மதுரைக்கு அப்பால் மேலூர் வரை, அது பாயும் வழியெங்கும் எத்தனை சிவாலயங்களில் நாள்தோறும் திருமஞ்சனமாகிறது! எத்தனை மூர்த்திகட்கு அமுதாகிறது! திருமறைக்காட்டில் நெய்யுண்ண வந்த எலி, தான் அறியாமலே திரியைத் தூண்டி, மாவலியாய்ப் பிறந்த வரலாற்றை நாம் ஒப்புகிறோம். அறியாது செய்யும் அபுத்திபூர்வ சிவபுண்ணியம் என்று ஒன்றை வகுத்துக்கொண்டவர்களும் நாமே. எலிக்கு உதவிய நெறி, மலையைக் குடைந்த மனிதர்க்கு உதவாதென்று சொல்ல எமக்கு வாய் எழவில்லை. மாறுபடும் அறிஞர் உளராயின் எழுதுக, ஏற்கத்தக்கதாயின் ஏற்போம்.

அணை முடிந்த 1895-ல் அவருக்கு சி.எஸ்.ஐ. என்னும் விருது கிடைத்தது. மறுவருடம் வேலையினின்று ஓய்வு பெற்று, இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்னுமிடத்து இந்தியப் பொறியியற் கல்லூரியின் தலைவராய் 1899 வரை இருந்தார். 1897-ல் சிவில் பொறியியலார் சங்கத்திற்குப் பெரியாற்றைத் திருப்பிய செய்தியை விரித்துக் கட்டுரை அளித்தார். போர்ப்பதக்கம் பெற்றவர் தம் கைப்பட எழுதி வைத்தது அணையின் கணக்கைத்தான். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து ஆற்று வெள்ளத்தைத் தடுப்பதற்கும் ஆலோசனை கூறச் சென்றார். ஐந்து பெண்மக்களும் ஒரு மைந்தரும் உடையவர். அம்மைந்தர் பிற்காலத்தில் நீதிபதியாய் விளங்கினார். 1911-ம் ஆண்டு மார்ச்சு 9-ல் காம்பர்லியில் உயிர் நீத்து, அருகிலுள்ள பிரிம்லி தேவாலயத்து மயானத்தில் அடக்கமாயினார். 2022-ல் அக்காம்பர்லியில் தமிழ்நாட்டு அரசினர் அவர்க்குச் சிலையொன்று நிறுவினர்.

அணையின் நீர்மட்டம் பற்றி இரு மாநிலத்தார்க்கும் நிகழ்ந்த வழக்கில், 142 அடிவரை நீர் தேக்கலாமென்று 2014-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததை நேயர் அறிவர். அது நம் ஆராய்ச்சிக்குரியதன்று.

வரும் ஆடியிலும் குச்சனூர் செல்லக் கருதியிருக்கிறோம். அம்முதிய உழவரைக் காணின், துரை பிறந்த ஆண்டும் நாளும் ஊரும் ஒரு துண்டுக் கடிதத்தில் எழுதிக் கொடுப்போம். நட்சத்திரத்தை அர்ச்சகர் பஞ்சாங்கம் கொண்டு கணித்துக்கொள்வார்.