அழுத்தத்தின் இயல்பு கண்டவர்: ஹான்ஸ் செல்யே

நுழையும்முன்

கொங்கு நாட்டு வேளாண்மையில், ஆழ்கிணற்று நீரை மாடுகள் பூட்டி வடக்கயிற்றால் இறைக்கும் முறைக்குக் கவலை என்று பெயர். மனத்தை வருத்தும் துன்பத்தையும் அதே சொல்லால் குறிக்கிறோம். பாரத்தைத் தாங்குவதற்கென்றே திரிக்கப்பட்டது வடக்கயிறு. ஆயினும், ஓய்வின்றி இழுபட்டால் அதன் புரிகள் தேயும். உயிர்களின் உடலும் அத்தகையதே என்பதை ஆய்வுக்கூட எலிகளின் வழியே கண்டறிந்த மருத்துவ அறிஞர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மாணவரின் ஐயம்

ஹான்ஸ் செல்யே 1907ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் வியன்னா நகரில் பிறந்தார். தந்தை அங்கேரியர்; படைப்பிரிவில் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர். தாய் ஆஸ்திரியர். டான்யூப் ஆற்றங்கரையில் அமைந்த கோமாரோம் நகரில் செல்யே வளர்ந்தார். தந்தையின் வழியில் மருத்துவம் பயில விரும்பிப் பிராகு நகரின் செருமானியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே பேராசிரியர் ஒருவர், வெவ்வேறு நோயுற்றோரை மாணவர்முன் நிறுத்தி, ஒவ்வொரு நோய்க்கும் உரிய தனி அறிகுறிகளை விளக்கினார். செல்யேயின் கண்களோ அவர்கள் அனைவரிடமும் பொதுவாக இருந்தவற்றை நோக்கின. எல்லாரும் சோர்ந்திருந்தனர், பசியற்றிருந்தனர், மூட்டுவலியும் உடல்வலியும் கொண்டிருந்தனர். நோய் எதுவாயினும் நோயுற்ற தோற்றம் ஒன்றாக இருப்பது ஏன் என்னும் வினா அவர் உள்ளத்தில் பதிந்தது. அது மிக எளிய வினா என்பதால் எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவரும் படிப்பில் ஆழ்ந்து அதனை மறந்தார்.

தோல்வியில் விளைந்த உண்மை

1929இல் மருத்துவப் பட்டமும் அதனைத் தொடர்ந்து வேதியியலில் முனைவர் பட்டமும் பெற்ற செல்யே, ஆய்வு நல்கை பெற்று அமெரிக்கா சென்றார். பின்னர்க் கனடாவின் மாண்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். புதிய இயக்குநீர் ஒன்றைக் கண்டறிவதே அவரது நோக்கம். அதற்காக, மாட்டின் கருவகத்திலிருந்து எடுத்த சாற்றை எலிகளுக்கு ஊசிவழியே செலுத்தினார். எலிகளின் அட்ரினல் சுரப்பிகள் பருத்தன. தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண்கள் தோன்றின. புதிய இயக்குநீர் கிடைத்துவிட்டது என்று அவர் மகிழ்ந்தார்.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வேறு உறுப்புகளின் சாறும் அதே மாற்றங்களை உண்டாக்கியது. இயக்குநீரோடு தொடர்பே இல்லாத ஃபார்மலின் என்னும் நச்சுநீர்மமும் அவ்வாறே செய்தது. பல திங்கள் உழைப்பு வீணாயிற்று என்று அவர் மனமுடைந்தார். அந்நிலையில்தான் பிராகு நகரில் எழுந்த பழைய வினா நினைவுக்கு வந்தது. எலிகளின் உடல், எந்தப் பொருளுக்கும் தனித்து விடையளிக்கவில்லை. தன்மேல் வந்த தாக்குதலுக்குப் பொதுவான விடையை அளிக்கிறது என்று உணர்ந்தார். எலிகளைக் கடுங்குளிரிலும் மிகையான உழைப்பிலும் ஈடுபடுத்தினார். அப்போதும் அதே மூன்று மாற்றங்கள் தென்பட்டன. இம்முடிவைச் சுருக்கமான கட்டுரையாக 1936 சூலை 4ஆம் நாள் நேச்சர் இதழில் வெளியிட்டார். அப்போது அவருக்கு அகவை இருபத்தொன்பது.

உடலின் விடை மூன்று நிலைகளில் அமைகிறது என்றார் செல்யே. முதலில் உடல் அதிர்ந்து எச்சரிக்கை கொள்கிறது. பின்னர் எதிர்த்துத் தாங்குகிறது. தாக்குதல் ஓயாது நீடித்தால் ஆற்றல் வற்றித் தளர்கிறது. பொறியியலில் வழங்கிய அழுத்தம் என்னும் சொல்லை உயிரியலிலும் நிலைபெறச் செய்தவர் அவரே.

நினைவைத் தொடும் அழுத்தம்

செல்யே உடலுறுப்புகளில் கண்டதை, அவருக்குப் பின்வந்தோர் மூளையிலும் கண்டனர். அழுத்தத்தின்போது அட்ரினல் சுரக்கும் இயக்குநீரை, நினைவுக்குத் துணைபுரியும் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப்பகுதி ஏற்றுக்கொள்கிறது என்று புரூஸ் மெக்கீவன் 1968இல் காட்டினார். நீரில் மறைந்துள்ள மேடையை நீந்திக் கண்டறிந்து, அதன் இடத்தை நினைவில் கொள்ள எலிகளைப் பழக்குவது ஒருவகைச் சோதனை. நெடுநாள் அழுத்தத்துக்கு ஆளான எலிகள் இத்தகைய சோதனைகளில் பெரும்பாலும் பின்தங்குகின்றன. திறந்த வெளியில் உலவவும் அஞ்சுகின்றன.

இவ்வாய்வு நம் அண்டை மாநிலத்திலும் தொடர்ந்தது. பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திரா சட்டர்ஜி குழுவினர், எலிகளை நாள்தோறும் இரண்டு மணிநேரம் அசையவிடாமல் பத்து நாள்கள் வைத்தனர். ஹிப்போகேம்பஸில் நரம்புக்கிளைகள் சுருங்கின. அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியிலோ அவை கிளைத்துப் பெருகின. 2002இல் இம்முடிவு வெளியாயிற்று. இருபத்தொரு நாள் ஓய்வுக்குப்பின் ஹிப்போகேம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பியது. அமிக்டலாவின் மாற்றமோ நீங்கவில்லை. நினைவின் தளர்ச்சி ஓய்வால் ஆறக்கூடும். அச்சத்தின் தடம் எளிதில் அழிவதில்லை.

நிறையும் குறையும்

1945இல் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற செல்யே, அங்கே ஆய்வு நிறுவனம் ஒன்றை வழிநடத்தினார். அவரிடம் பயின்ற ரோஜர் கில்லமன் 1977இல் நோபல் பரிசு பெற்றார். பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் செல்யேவுக்கு அப்பரிசு கிட்டவில்லை. அவருடைய கருத்துகளுள் சில பிற்காலத்தில் திருத்தப்பட்டன. எல்லாத் தாக்குதலுக்கும் உடல் ஒரேவிதமாக விடையளிப்பதில்லை என்றும், அச்சம் போன்ற மனநிலையும் அதில் பங்குகொள்கிறது என்றும் அறிஞர்கள் காட்டினர். புகையிலை நிறுவனங்களிடம் அவர் நிதி பெற்றதையும் பின்னர் வெளிவந்த ஆவணங்கள் உணர்த்தின. பேரறிஞரையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகிறது.

அழுத்தம் முழுவதும் தீயதன்று என்பதையும் செல்யே வலியுறுத்தினார். ஊக்கம் தரும் நல்லழுத்தத்தையும் நலங்கெடுக்கும் தீயழுத்தத்தையும் அவர் வேறுபடுத்தினார். 1982 அக்டோபர் 16ஆம் நாள் மாண்ட்ரியலில் அவர் மறைந்தார்.

தேர்வுக்கு முந்தைய நாளின் சிறு பதற்றம் மாணவரை விழிப்புறச் செய்யும். உறக்கமும் விளையாட்டும் இழந்து, திங்கள்கணக்கில் நீளும் அச்சமோ, கற்றதை நினைவில் நிறுத்தும் ஆற்றலையே தேய்க்கும். நீர் இறைத்து முடித்ததும் வடத்தைத் தளர்த்தி வைத்தவர் நம் உழவர். அவ்வறிவு நம் மனத்துக்கும் உரியது.

கற்பவை கற்றபின்

1. தோல்வியெனக் கருதிய முடிவே புதிய கண்டுபிடிப்புக்கு வழிவகுத்த வேறொரு நிகழ்வை அறிந்து வகுப்பில் உரையாற்றுக.

2. உங்கள் ஊரில் கவலை இறைத்த முதியவர்களிடம் அதன் உறுப்புகளின் பெயர்களைக் கேட்டுத் தொகுக்க.