பற்களின் காவலர் மெக்கே

உடம்பின் உறுப்புகளுள் பல் மிகச் சிறியது. ஆயினும் அதன் பயன் பெரியது. உணவை அரைத்து உடலுக்கு ஆக்கம் தருவதும், சொல்லைத் திருத்தமாக ஒலிக்கச் செய்வதும், முகத்துக்குப் பொலிவு ஊட்டுவதும் பல்லே. பல் போனால் சொல் போகும் என்பது நம் முன்னோர் பட்டறிந்து கூறிய பழமொழி. அத்தகைய பல்லைச் சொத்தை அரிக்கும்போது அதனைத் தடுத்து நிறுத்த வழியுண்டா என்னும் வினா மருத்துவர்களை நெடுங்காலம் வாட்டியது. அவ்வழியைத் திறந்து வைத்தவர்களுள் முதல்வராக எண்ணத்தக்கவர் பிரடரிக் மெக்கே என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் ஆவார். அவர் தேடிப் புறப்பட்டது ஒன்று. உலகுக்குக் கிடைத்தது மற்றொன்று.

மெக்கே 1874-ஆம் ஆண்டில் பிறந்தார். பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தில் பல் மருத்துவம் பயின்று 1900-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டில் மேற்கு நோக்கிச் சென்று, ராக்கி மலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்த கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் நகரில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். தம்மிடம் வந்தோரின் பற்களைக் கண்டு அவ்விளைஞர் திகைப்புற்றார். அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தோர் பலருடைய பற்களில் பழுப்பு நிறக் கறை படிந்திருந்தது. சிலருக்குப் பல் முழுவதுமே நிறம் மாறிக் கிடந்தது. தேய்த்தாலும் கழுவினாலும் நீங்காத கறை அது. வளர்ந்தபின் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களிடமோ அக்கறை சிறிதும் காணப்படவில்லை.

இதன் காரணம் யாது என்று மெக்கே நூல்களில் தேடினார். எந்த நூலும் விடை கூறவில்லை. ஊராரோ பன்றி இறைச்சியை மிகுதியாக உண்பதே காரணம் என்றனர். பால் நல்லதன்று என்றனர். நீரில் சுண்ணாம்பு மிகுந்துள்ளது என்றும் கூறினர். உடன் தொழில் புரிந்த மருத்துவர்களுள் பலர் இதனைப் பொருட்படுத்தவே இல்லை. கறை படிந்த பல்லால் எவரும் உயிர் இழப்பதில்லை. ஆகவே ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் வாளாவிருந்தனர். ஆனால் வாய் திறந்து சிரிக்க நாணும் சிறுவரையும் சிறுமியரையும் நாள்தோறும் கண்ட மெக்கேயால் அவ்வாறு இருக்க இயலவில்லை. அவர் மீண்டும் மீண்டும் எடுத்துரைத்து, அவ்வூர்ப் பல் மருத்துவர் சங்கத்தைத் தம் பணியில் ஈடுபடச் செய்தார்.

அக்காலத்தில் அமெரிக்கப் பல் மருத்துவர்களுள் தலைசிறந்து விளங்கியவர் கிரீன் வார்டிமன் பிளாக் என்னும் பேரறிஞர். இத்தகைய நோய் ஒன்று நூல்களில் இடம்பெறாமல் இருக்க முடியாது என்று அவர் முதலில் நம்ப மறுத்தார். அவ்வூரில் பிறந்த குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேருக்குக் கறை இருப்பதைச் சங்கத்தார் கணக்கெடுத்துக் காட்டினர். அதன் பின்னர் 1909-ஆம் ஆண்டில் பிளாக் நேரில் வந்து பார்த்தார். கண்டதும் அவருடைய ஐயம் அகன்றது. முதியவரும் இளையவரும் சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆராய்ந்தனர்.

அவ்வாராய்ச்சியில் இரண்டு உண்மைகள் புலப்பட்டன. பல் ஈறுக்குள் உருவாகும் இளம் பருவத்திலேயே இக்கறைக்கு வித்து ஊன்றப்படுகிறது. முழுவதும் வளர்ந்து முற்றிய பல்லை அது பற்றுவதில்லை. இது முதல் உண்மை. மற்றொன்று வியப்பைத் தருவது. பார்வைக்கு அழகற்ற அந்தக் கறைப் பற்கள் எளிதில் சொத்தையாகவில்லை. குறையுடைய பல் விரைவில் கெடும் என்றே இருவரும் எண்ணியிருந்தனர். நிகழ்ந்ததோ அதற்கு மாறானது. அதன் காரணத்தை அறியுமுன்னரே 1915-ஆம் ஆண்டில் பிளாக் காலமானார். மெக்கே தனித்து நின்றார்; ஆயினும் தளர்ந்திலர்.

காரணம் குடிநீரில்தான் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1923-ஆம் ஆண்டில் ஐடஹோ மாநிலத்தைச் சேர்ந்த ஓக்லி என்னும் சிற்றூருக்கு அவர் சென்றார். அங்குள்ள பெற்றோர் தம் பிள்ளைகளின் பற்களில் புதிதாகத் தோன்றிய கறையைக் கண்டு கலங்கியிருந்தனர். ஐந்து கல் தொலைவிலுள்ள வெந்நீர் ஊற்று ஒன்றிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுவந்த பின்னரே கறை தோன்றியது என்று அவர்கள் கூறினர். மெக்கே அந்நீரைச் சோதித்தார். அதில் ஒரு குற்றமும் தென்படவில்லை. சோதனை காட்டாததைத் தம் இருபதாண்டுப் பட்டறிவு காட்டியதாக அவர் உணர்ந்தார். ஆகவே அக்குழாயைக் கைவிட்டு வேறோர் ஊற்று நீரைப் பயன்படுத்துமாறு அறிவுரை கூறினார். ஊரார் அவ்வாறே செய்தனர். முன்னரே கறை படிந்த பிள்ளைகளுக்கு அதனால் பயன் விளையவில்லை. ஆனால் சில ஆண்டுகளில் அவர்களுடைய தம்பி தங்கையருக்குத் தூய பற்கள் முளைத்தன. நீரே காரணம் என்பது உறுதியாயிற்று. நீரில் கலந்துள்ள பொருள் யாது என்பதே எஞ்சி நின்ற வினா.

அவ்வினாவுக்கு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அலுமினிய நிறுவனம் ஒன்றின் உடைமையாயிருந்த பாக்சைட் என்னும் ஊர் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் உள்ளது. மெக்கே அரசாங்க மருத்துவர் ஒருவருடன் அங்கே சென்று, குழந்தைகளின் பற்களில் கறை இருப்பதைக் கண்டறிந்து எழுதினார். அந்நிறுவனத்தின் தலைமை வேதியியலறிஞரான சர்ச்சில் என்பார் அவ்வறிக்கையைப் படித்தார். அலுமினியப் பாத்திரங்கள் நஞ்சு என்னும் பழிச்சொல் பரவியிருந்த காலம் அது. இக்கறையையும் அலுமினியத்தின் மேல் சுமத்துவரோ என்று அஞ்சிய அவர், பாக்சைட் ஊரின் நீரை நுட்பமான ஒளிக்கதிர் முறையால் ஆராயச் செய்தார். பத்து இலட்சம் பங்கு நீரில் 13.7 பங்கு புளோரைடு என்னும் உப்பு கலந்திருப்பது தெரிந்தது. 1931-ஆம் ஆண்டில் அச்செய்தி மெக்கேக்கு எட்டியது. கறை படிந்த பிற ஊர்களின் நீரையும் அனுப்பிச் சோதித்தபோது அவற்றிலும் புளோரைடு மிகுந்திருந்தது. முப்பது ஆண்டுத் தேடல் அன்று முடிவுற்றது.

ஒரு தேடல் முடிந்தது, மற்றொன்று தொடங்கிற்று. கறையை உண்டாக்கிய புளோரைடுதானே சொத்தையையும் தடுத்தது? கறை படியாமல் காப்பு மட்டும் கிடைக்கும் அளவு யாது? இதனை டிரெண்ட்லி டீன் என்னும் அரசாங்கப் பல் மருத்துவர் ஊர் ஊராக ஆராய்ந்தார். பத்து இலட்சம் பங்கு நீரில் ஒரு பங்கு புளோரைடு இருப்பின், பற்கள் பெரும்பாலும் அழகு கெடாமலே சொத்தையினின்று காக்கப்படும் என்பது தெளிவாயிற்று. 1945-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மிச்சிகன் மாநிலத்துக் கிராண்டு ராப்பிட்ஸ் நகரத்தார் தம் குடிநீரில் அவ்வளவு புளோரைடைக் கலந்தனர். பதினோர் ஆண்டுகள் சென்றபின் பார்த்தபோது, அதன் பின்னர்ப் பிறந்த குழந்தைகளிடையே சொத்தை நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் குறைந்திருந்தது. அதனைக் கேட்டு மகிழும் பேறு மெக்கேக்குக் கிட்டியது. அவர் 1959-ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார்.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பதற்குப் புளோரைடு தக்க சான்று. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில், குடிநீரில் மிகுந்த புளோரைடு பல்லை மட்டுமன்றி எலும்பையும் கெடுத்து மக்களை முடமாக்கியதை 1937-ஆம் ஆண்டில் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரிலும் இக்குறை உண்டு. அதனை நீக்கும்பொருட்டே 2013-ஆம் ஆண்டில் ஒகேனக்கல் காவிரி நீர் அம்மக்களுக்குக் குடிநீராகக் கொண்டுவரப்பட்டது. ஓரிடத்தில் சேர்க்க வேண்டியதை மற்றோரிடத்தில் விலக்க வேண்டும்; அளவை அறிதலே அறிவு.

மெக்கே சிறுவர்களுக்காகத் தொடங்கிய பணியின் பயன் இன்று முதியவர்களையும் சென்று அடைகிறது. பல்லின் மேற்பகுதியை எனாமல் என்னும் உறுதியான மூடி காக்கிறது. வேருக்கு அம்மூடி இல்லை. ஆண்டு முதிர ஈறு கீழிறங்கினால் மெல்லிய வேர் வெளிப்படும். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் இனிப்பை உண்டு புளிப்பமிலத்தை உண்டாக்குகின்றன. எனாமல் தாங்கிக்கொள்ளும் மெல்லிய அமிலத்திலேயே வேர் கரையத் தொடங்கிவிடும். உமிழ்நீர் குறைந்தவர்க்கு இத்தீங்கு இன்னும் மிகுதி. புளோரைடு பல்லின் புறத்தே படிந்து, கரைந்துபோன சுண்ணச்சத்து உமிழ்நீரிலிருந்து மீண்டும் பல்லில் சேரத் துணைபுரிகிறது. கானடா நாட்டில் இயற்கையாகவே புளோரைடு கலந்த நீரைப் பருகிய ஸ்டிராட்போர்டு நகரத்தாரிடம், அத்தகைய நீரில்லாத உட்ஸ்டாக் நகரத்தாரைவிட வேர்ச்சொத்தை குறைவு என்று 1990-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது.

இவ்வறிவைக்கொண்டே வேர்ச்சொத்தையின் வேகத்தைத் தணிக்கும் முறைகள் அமைந்துள்ளன. நாள்தோறும் இருமுறை புளோரைடு கலந்த பற்பசையால் பல் துலக்குவது எல்லார்க்கும் உரியது. வேர் கெடத் தொடங்கியவர்க்கு மருத்துவர் புளோரைடு மிகுந்த பற்பசையைத் தருவர். சில திங்களுக்கு ஒருமுறை புளோரைடு மெருகை வேரின்மேல் பூசுவர். வெள்ளியும் புளோரைடும் சேர்ந்த நீர்மம் ஒன்றும் உண்டு. அதனைத் தடவினால் நுண்ணுயிர்கள் மாய்ந்து, சொத்தை பெரும்பாலும் மேலும் பரவாது நிற்கும். ஆனால் அவ்விடம் கறுத்துவிடும். துளையிடும் துன்பத்தைத் தாங்க இயலாத முதியோர் பலர் பல்லைக் காத்துக்கொள்ளும்பொருட்டு அக்கருமையை விரும்பி ஏற்கின்றனர். இம்முறைகளோடு இனிப்பைக் குறைத்தலும் உண்டபின் வாயைத் தூய்மை செய்தலும் இன்றியமையாதவை.

பிறர் சிறிது என்று ஒதுக்கிய ஒரு கறையை மெக்கே ஒதுக்கவில்லை. அது குழந்தைகளின் சிரிப்பைப் பறிக்கிறது என்பது ஒன்றே அவருக்குப் போதுமான காரணமாயிற்று. விடை தெரியாத ஆண்டுகளிலும் தாம் கண்டதைக் கண்டவாறு எழுதிவைத்தார். தமக்கு விளங்காத உண்மையையும் மறைக்காமல் வெளியிட்டார். அவ்வாறு எழுதிய ஓர் அறிக்கையே, முன்பின் அறியாத வேதியியலறிஞர் ஒருவரின் கையில் திறவுகோலாக அமைந்தது. நுணுகிப் பார்க்கும் கண்ணும், உண்மை விளங்கும் வரை பொறுத்திருக்கும் உள்ளமும் உடையவர் செய்யும் தொண்டு, அவர் மறைந்த பின்னரும் மக்களைக் காத்து நிற்கும்.