தூரிகையும் சாயத்துணியும்

நுழையும்முன்
வாலாஜாபாத்தில் பாலாற்றின்மேல் நிற்கும் பாலத்தை வரையச் சொன்னால், அருகிலுள்ள தூணைப் பெரிதாகவும் தொலைவிலுள்ள தூணைச் சிறிதாகவும் வரைவோம். தாளில் இல்லாத ஆழத்தைக் கண்ணுக்குக் காட்டும் முறை அது. பிரான்சு நாட்டு ஓவியர் ஆந்திரே தெரேன் துறைமுகங்களையும் இலண்டன் பாலங்களையும் தீட்டியபோது, அந்த ஆழத்தைக் குறைத்து வண்ணங்களைப் பேசவிட்டார். தமிழ் மண்ணில் அத்தகைய புதுமையை வேறொரு வழியில் நிகழ்த்தியவர் கே.சி.எஸ். பணிக்கர்.

பணிக்கர் 1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தார். இளமையில் அவர் கண்ட கேரளத்து நீர்நிலைகளும் தென்னஞ்சோலைகளும் அவருடைய நீர்வண்ண ஓவியங்களில் ஒளிர்ந்தன. ஆயினும், குடும்பச் சூழல் அவரைத் தந்தித் துறைப் பணிக்கு அனுப்பியது. ஊதியம் கிடைத்தது, மனமோ வண்ணங்களையே நாடியது. 1936இல், தம் இருபத்தைந்தாம் வயதில், சென்னை அரசு கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். மெரினாவில் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைப் பணிக்கர் நிறுவினார். 1954இல் ஐரோப்பா சென்று அங்கு மலர்ந்திருந்த நவீன ஓவியங்களை நேரில் கண்டார். பிறரைப் பின்பற்றுவதா, தமக்குரிய மொழியைத் தேடுவதா என்னும் வினா அவரை வாட்டியது. 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசையே அதற்கு அவர் கண்ட விடை. அவற்றில் ஆழமில்லை, தொலைவுமில்லை. சாதகக் கட்டங்களும் கணிதக் குறிகளும் எழுத்தைப் போன்ற கோடுகளும் தட்டையான வண்ணப் பரப்பில் ஏடுபோல் விரிந்தன.

1957 முதல் 1967 வரை கலைப்பள்ளியின் முதல்வராகப் பணியாற்றிய அவரை மற்றொரு கவலையும் சூழ்ந்தது. கலை பயின்று வெளியேறிய இளைஞரின் ஓவியங்களை வாங்குவார் அரிதாக இருந்தனர். பிழைப்புக்காக வேறு வேலை தேடினால் கலை வாடும். கலையையே நம்பினால் வயிறு வாடும். பணிக்கர் கைத்தொழிலைத் துணைக்கு அழைத்தார். கலைஞர்கள் மெழுகு பூசிச் சாயமேற்றிய பாத்திக் துணிகளையும் பிற கைவினைப் பொருள்களையும் செய்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலருகே நிலம் வாங்கினர். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. பகலில் தொழில், எஞ்சிய பொழுதில் ஓவியம், சிற்பம் என அங்கு வாழ்க்கை அமைந்தது.

1977இல் பணிக்கர் மறைந்தார். அவர் கட்டிய கிராமம் இன்றும் நிலைத்துள்ளது. தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊர்களில் கைத்திறன் கற்கும் இளைஞர்க்கு அவர் வாழ்வு நெருக்கமானது. உழைக்கும் கைகளே கலையையும் காக்கும் என்பதை அவர் செய்து காட்டினார்.