ஃபாங்கியோவும் பிறர் தந்த காரும்

சல்லிக் கிராமத்து முத்துமாரியம்மன் திருக்கோயிலுக்கு அண்மையிலுள்ள மணற்பரப்பில் நம் கல்லூரியின் பழைய மாணவர் சிலர் மாலை வேளைகளிற் கூடிப் பேசுவது நெடுநாள் வழக்கம். அங்கே பேசப்படாத பொருள் யாதும் இல்லை. 2012ஆம் ஆண்டு பங்குனியில் மலேசியாவின் செப்பாங் திடலில் நடந்த மோட்டார்ப் பந்தயத்தின் பின்னர் அப்பேச்சு ஒரு வழக்காகவே மாறிற்று. அப்பந்தயத்திற் கோயம்புத்தூரைச் சேர்ந்த தமிழரான நரேன் கார்த்திகேயனின் காரும் உலக வெற்றிவீரரான செபாஸ்டியன் வெட்டலின் காரும் உரசின. வெட்டலின் பின்சில்லு கிழிந்து, அவர் கைக்கெட்டிய புள்ளிகளை இழந்தார். நடுவர் கார்த்திகேயனுக்கு 20 விநாடி தண்டம் விதித்தனர். நம்மவர் என்பதற்காகக் கார்த்திகேயன் பக்கம் நின்றோர் பலர். பின்னால் வருபவனுக்கு வழிவிடுவதே சாரதிக்கு அழகு என்றோர் சிலர். பேச்சு அங்கிருந்து பரவி, 2002ஆம் ஆண்டில் ஒஸ்திரியாவிற் பெராரிக் குழு தன் கட்டளையால் பாரிக்கெல்லோவின் வெற்றியைப் பிடுங்கி ஷூமாக்கரிடம் ஈந்த கதைக்குச் சென்றது. அன்று திடலிலே கூடியிருந்தோர் உரக்க இகழ்ந்தமையும், மறு ஆண்டு முதல் அத்தகைய கட்டளைகள் தடை செய்யப்பட்டமையும், 2011இல் அத்தடை நீக்கப்பட்டமையும் யாவரும் அறிந்தவை.

அப்பொழுது நம்முள் மூத்தவர் ஒருவர், இவற்றிற்கெல்லாம் மூலவழக்கு ஃபாங்கியோவின் வழக்கே என்றார். அன்று தொடங்கிய வாதம் இன்றும் முடிந்தபாடில்லை. பொன்விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபொழுது, அப்பெருமகனின் வரலாற்றையே எழுதத் துணிந்தோம்.

ஹுவான் மனுவேல் ஃபாங்கியோ 1911ஆம் ஆண்டு ஜூன் 24ஆந் திகதி, ஆர்ஜென்டீனா நாட்டிலே பால்கார்சே என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். பெற்றோர் இத்தாலியிலிருந்து பிழைப்பு நாடிக் குடியேறியோர். தந்தையார் கைத்தொழிலால் வாழ்ந்தவர்; பிள்ளைகள் அறுவர். வீட்டுநிலை இவ்வாறாகவே, சிறுவன் இளமையிலேயே பள்ளியை விட்டு மோட்டார் கராஜ் ஒன்றில் வேலைக்கமர்ந்தான். உதைபந்தாட்டத்தில் அவன் கால் வளைந்திருந்த பாங்கு கண்டு தோழர் இட்ட கோணற்காலன் என்னும் பட்டப்பெயர், உலகப் புகழ் வந்த பின்னரும் அவரை விட்டு நீங்கவில்லை. எந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் நோவை அறியும் திறன் கராஜிலே கைவந்தது. பின்னாளில் அவர் பிறரினும் மெல்லத் தொடங்கி, பிறர் எந்திரங்கள் களைத்த வேளையில் தம் எந்திரம் களையாதிருக்க வென்றதற்கு அக்கராஜ் வாழ்வே காரணம் என்பது எம் கருத்து.

1936இல் வாடகைக்கு ஓடிய ஒரு போர்ட் காரைத் திருத்தியமைத்து முதற் பந்தயத்தில் இறங்கினார். அக்காலத்தில் ஆர்ஜென்டீனாவின் பந்தயங்கள் வட்டத் திடலிற் சுற்றுவன அல்ல. ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு, மண்பாதையிலும் மலைப்பாதையிலும் நாட்கணக்கில் ஓடுவன. 1940இல் புவனஸ் அயரிஸ் நகரிலிருந்து அந்தீஸ் மலைத்தொடரைக் கடந்து பெரு நாட்டின் லீமா வரை சென்று மீளும், ஏறக்குறைய 9,500 கிலோமீற்றர் நீண்ட பந்தயத்தில் ஒரு செவ்ரோலே காருடன் வென்றார். திருகோணமலைத் துறைமுகத்தின் மீது யப்பானியர் குண்டு பொழிந்த 1942ஆம் ஆண்டிலே, போரின் நெருக்கடியால் அங்கும் பந்தயங்கள் நின்றுபோயின. போர் முடிந்து மீண்டும் களமிறங்கியவர்க்கு 1948இல் ஒரு பேரிடி காத்திருந்தது. பெருவிலே கார் கவிழ்ந்து, உடனிருந்து துணைபுரிந்த நண்பர் ஊருத்தியா உயிரிழந்தார். பந்தயத்தையே துறந்துவிட எண்ணிய ஃபாங்கியோ, மறு ஆண்டு தம் நாட்டு அரசினதும் மோட்டார்க் கழகத்தினதும் உதவியோடு ஐரோப்பா சென்றபொழுது அவருக்கு வயது முப்பத்தெட்டை எட்டிக்கொண்டிருந்தது. ஏனைய விளையாட்டு வீரர் ஓய்வு பெறும் வயதில் இவர் தொடங்கினார்.

உலகப் பட்டத்துக்கான போட்டி 1950இல் ஏற்பட்டது. முதலாண்டிலே அல்பா ரோமியோ குழுவிற் சேர்ந்து, தோழரான ஃபரீனாவுக்கு மூன்று புள்ளி குறைவாக இரண்டாமிடம் பெற்றார். 1951இல் முதன்மை பெற்றார். 1952 கசப்பான ஆண்டு. அயர்லாந்துப் பந்தயமொன்றை முடித்து, மறுநாட் பந்தயத்துக்காகப் பாரிஸிலிருந்து இரவு முழுவதும் தாமே காரோட்டி இத்தாலியின் மொன்ஸாவை அடைந்து, இளைப்பாறாமற் களமிறங்கினார். இரண்டாஞ் சுற்றிலேயே கார் தூக்கியெறியப்பட்டுக் கழுத்தெலும்பு முறிந்தது. களைப்பே காரணம் என்பதை அவர் மறைத்ததில்லை. 1954இல் மஸராட்டியில் தொடங்கி மெர்சிடிஸ் குழுவில் முடித்தும், 1955இல் மெர்சிடிஸிலேயே நின்றும், மேலும் இரு பட்டங்களைப் பெற்றார்.

1955இல் முதல் வழக்குத் தோன்றுகிறது. அவ்வாண்டு மெர்சிடிஸ் குழுவில் அவருக்குத் தோழராக வந்தவர் இளம் ஆங்கிலேயரான ஸ்டேர்லிங் மொஸ். ஆசானைத் தொடரும் மாணாக்கனைப் போல மொஸ் பல பந்தயங்களில் ஃபாங்கியோவின் பின்னாலேயே ஓடினார். ஆனால் ஜூலை 16ஆந் திகதி இங்கிலாந்தின் எயின்ட்ரீ திடலிலே மொஸ் முன்னும் ஃபாங்கியோ பின்னுமாக, விநாடியில் ஐந்திலொரு பங்கே இடைவெளியாக, இருவரும் முடிவுக்கோட்டைக் கடந்தனர். தம் தாய்நாட்டுப் பெரும்பந்தயத்தை இளைஞன் வெல்லட்டும் என்று முதியவர் விட்டுக்கொடுத்தாரா? அன்று மொஸ்ஸே வேகமாக ஓடினார் என்பதே ஃபாங்கியோ என்றும் உரைத்த விடை. ஆயினும் மொஸ் 2020இல் மறையும்வரை அவ்வையம் அவர் மனத்தை விட்டு முற்றாக நீங்கவில்லை. விட்டுக்கொடுத்திருப்பின் அதனைச் சொல்லாமல் விட்டதே பெருந்தன்மை. விட்டுக்கொடுக்கவில்லையாயின் அவர் கூறியது உண்மை. எவ்வாறு கொள்ளினும் அவ்விடையிற் குறை காண நம்மால் இயலவில்லை.

இனி 1956. லெ மான் நகரில் எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்ட பெருவிபத்து நிகழ்ந்த ஆண்டின் முடிவிலே மெர்சிடிஸ் களத்தை விட்டு விலக, ஃபாங்கியோ பெராரிக் குழுவிற் சேர்ந்தார். அக்காலச் சட்டப்படி ஒரு சாரதியின் கார் பழுதுற்றால், அவர் தம் குழுத்தோழரின் காரை வாங்கி ஓட்டலாம். கிடைக்கும் புள்ளியை இருவரும் பாதியாகப் பகிர்வர். கரைவலை இழுத்துப் பங்கு பிரிக்கும் சல்லியார்க்கு இவ்வேற்பாடு விளங்காததன்று. 1958 முதல் காரைப் பகிர்வோர்க்குப் புள்ளியில்லை என்றாயிற்று.

செப்டெம்பர் 2ஆந் திகதி மொன்ஸாவில் ஆண்டின் இறுதிப் பந்தயம். ஃபாங்கியோவின் காரில் திருப்பு பொறி முறிந்தது. தோழர் லூயிஜி முஸோ தரிப்பிடத்துக்கு வந்தபொழுது காரைக் கொடுக்க மறுத்து ஓடிவிட்டார். அது அவருடைய தாய்நாட்டுப் பந்தயம். பின்பு வந்த இருபத்துநான்கு வயது ஆங்கிலேயர் பீற்றர் கொலின்ஸ், தாமே இறங்கிக் காரை முதியவரிடம் ஒப்படைத்தார். தாம் இளைஞர், பட்டம் பெற இன்னும் ஆண்டுகள் பல உள என்பது அவர் எண்ணம். அக்காரில் ஃபாங்கியோ இரண்டாமிடம் பெற்று நான்காம் முறை முடிசூடினார். வென்றவர் மொஸ். அவரும் நடுவில் எரிபொருள் தீர்ந்து நின்றபொழுது, பியொத்தி என்னும் மற்றொரு மஸராட்டிச் சாரதி தம் காரின் மூக்கால் அவரைத் தரிப்பிடம் வரை தள்ளிவந்தார் என்பது சுவையான செய்தி.

ஃபாங்கியோவைப் பழிப்போர் அன்று தொட்டு இன்றுவரை மொன்ஸாவையே சுட்டுவர். கொலின்ஸின் கொடையாற் பெற்ற பட்டம் என்பர். நாம் மணலிலே விரலால் எழுதிக் கணக்குப் பார்த்தோம். கணக்கு வேறு சொல்லிற்று. அவ்வாண்டு ஒருவரின் மிகச் சிறந்த ஐந்து பந்தயங்களின் புள்ளிகளே கொள்ளப்பட்டன. ஃபாங்கியோ ஈட்டியவை ஆர்ஜென்டீனாவில் 5, மொனாக்கோவில் 4, பிரான்சில் 4, இங்கிலாந்தில் 8, ஜெர்மனியில் 9, மொன்ஸாவில் 3. ஐந்து போக ஆறாவதாகிய மொன்ஸாவின் 3 கழிக்கப்பட்டது. ஆகவே கொலின்ஸின் காரால் வந்த புள்ளியில் ஒன்றேனும் பட்டத்திற் சேரவில்லை! 30 புள்ளியும் அப்பந்தயத்துக்கு முன்னரே அவர் கையில் இருந்தவை.

அவ்வாறாயிற் கொலின்ஸ் கொடுத்தது யாது? 22 புள்ளியோடு வந்த அவர், அன்று வென்று, அதிவேகச் சுற்றுக்குரிய ஒரு புள்ளியையும் பெற்றிருப்பின் 31 ஆகி ஃபாங்கியோவை முந்தியிருப்பார். மொஸ் முன்னே ஓடிக்கொண்டிருந்தமையால் அந்நம்பிக்கை மெல்லியதே, ஆயினும் இருந்தது. அதனையே அவர் காரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

பழிப்போர்க்கு மெய்யாகவே கிடைக்கக்கூடிய சான்று மொன்ஸாவில் இல்லை. ஆர்ஜென்டீனாவிலும் மொனாக்கோவிலும் உள்ளது. புவனஸ் அயரிஸில் ஃபாங்கியோவின் கார் பழுதுற, முஸோ தரிப்பிடத்துக்கு அழைக்கப்பட்டு இறக்கப்பட்டார். அவர் காரில் ஃபாங்கியோ வென்றார். மொனாக்கோவில் ஃபாங்கியோ வழக்கத்துக்கு மாறாக முரட்டுத்தனமாக ஓட்டித் தம் காரைச் சிதைத்துக்கொண்ட பின், கொலின்ஸின் காரைப் பெற்று இரண்டாமிடம் அடைந்தார். இவ்விரு பங்குகளையும் நீக்கின், தம் காரில் மட்டும் அவர் ஈட்டியது 21. பட்டத்தில் இரண்டாமவரான மொஸ்ஸும் பெர்திஸா என்னுந் தோழரின் காரை இருமுறை வாங்கியவரே. அவற்றையும் நீக்கின் அவருக்கு 24. இக்கணக்கைக் கண்டபொழுது, அதுவரை ஃபாங்கியோவின் பக்கம் நின்ற நாமும் சற்றே வாயடைத்து நின்றோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆயினும் சட்டம் யாவர்க்கும் ஒன்றாகவே இருந்தது. மொஸ்ஸும் அதனைப் பயன்கொண்டார். புவனஸ் அயரிஸில் முஸோவை இறக்கியது குழுத்தலைமையின் தீர்ப்பு. அதற்காகச் சாரதியை மட்டும் குற்றவாளியாக்குதல் தகாது. மொனாக்கோவைப் பற்றி அவ்வாறு சொல்ல மனம் வரவில்லை. தன் பிழையாற் காரைக் கெடுத்தவன் பிழையின்றி ஓட்டியவனின் காரைப் பெறுவது சட்டத்துக்கு ஒக்கும். நம் நெஞ்சுக்கு ஒவ்வவில்லை.

பெராரி வீட்டில் ஃபாங்கியோவுக்கும் மகிழ்ச்சி இருந்ததில்லை. ஓராண்டிலேயே விலகி மஸராட்டி சென்றார். 1957 ஆகஸ்ட் 4ஆந் திகதி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் என்னும், மலையுங் காடும் சூழ்ந்த 22.8 கிலோமீற்றர்த் திடலிலே, தன் நாற்பத்தாறாம் வயதில், வாழ்வின் தலைசிறந்த பந்தயத்தை ஓடினார். பாதித் தொட்டி எரிபொருளோடு இலகுவாகத் தொடங்கி, முந்தி, நடுவில் ஒருமுறை நின்று நிரப்புவதே சூழ்ச்சி. ஆனால் தரிப்பிடத்தில் வேலை தாமதமாகி, முக்கால் நிமிடத்துக்கு மேற் பின்தங்கி மூன்றாமவராக வெளிவந்தார். முன்னே சென்ற இருவரும் பெராரிக் குழுவினர்: மைக் ஹோதோர்னும், காரைத் தந்த அதே கொலின்ஸும். சுற்றுக்குச் சுற்று சாதனையை முறியடித்துக்கொண்டு துரத்தினார். தகுதிச் சுற்றில் அவரே நிறுவிய முதன்மை நேரம் 9 நிமிடம் 25.6 விநாடி, பந்தயத்தில் 9 நிமிடம் 17.4 விநாடியிற் சுற்றினார். இருபத்திரண்டு சுற்றில் இருபத்தோராவதில் இருவரையும் கடந்து, 3.6 விநாடி முன்னதாக முடித்தார். அவ்வளவில் ஐந்தாம் பட்டமும் உறுதியாயிற்று. தோற்ற இளைஞர் இருவரும் அவரைத் தழுவி, தாமே வென்றாற் போல் மகிழ்ந்தனர். அன்று அவர் பிறர் காரில் ஏறவில்லை.

1958 மாசியிற் கியூபாத் தலைநகர் ஹவானாவிற் பந்தயத்துக்குச் சென்றவரை, காஸ்ட்ரோவின் புரட்சிக் குழுவினர் விடுதியிலிருந்து கடத்திச் சென்றனர். உலகின் கண்ணைத் தம் பக்கந் திருப்புவதே அவர்தம் நோக்கம். ஒரு நாளுக்குச் சற்று மேலாக வைத்திருந்து, தீங்கின்றி விடுவித்தனர். அவர் இல்லாமலே நடந்த அப்பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்துட் பாய்ந்து பார்வையாளர் பலர் மாண்டனர். வெளிவந்த ஃபாங்கியோ, தம்மை அன்போடு நடத்தினர் என்றே கூறினார், கடத்தியோரைக் காட்டிக்கொடுக்கவுமில்லை.

அவ்வாண்டு ஜூலை 6ஆந் திகதி பிரான்சின் ரைம்ஸ் திடலில் ஓடியதே அவரது இறுதிப் பெரும்பந்தயம். முன்னணியில் நின்ற ஹோதோர்ன், முடிவை நெருங்குகையில் ஃபாங்கியோவை ஒரு சுற்றுப் பின்தள்ளிக் கடக்கும் நிலை வந்தது. கடந்திருக்கலாம், சட்டந் தடுக்கவில்லை. அவரோ வேகத்தைக் குறைத்து, முதியவர் தம் முன்னே கோட்டைக் கடக்கட்டும் என்று பின்னாலேயே வந்தார். அதே பந்தயத்தில், மொன்ஸாவிற் காரைக் கொடுக்க மறுத்த முஸோ விபத்துற்று இறந்தார். நான்கு வாரங்களின் பின், காரைக் கொடுத்த கொலின்ஸும் நூர்பர்க்ரிங்கில் மாண்டார். இன்னும் ஆண்டுகள் பல உள என்று எண்ணிய அவ்விளைஞர் பட்டம் எதனையும் காணவில்லை. அவ்வாண்டின் பட்டம் பெற்ற ஹோதோர்னும் 1959 தை மாதத்தில் இங்கிலாந்துச் சாலையொன்றில் விபத்தில் மறைந்தார்.

ஐம்பத்தொரு பெரும்பந்தயங்களில் இருபத்துநான்கை வென்ற ஃபாங்கியோ அதன்பின் அமைதியாக வாழ்ந்தார். அவருடைய ஐந்து பட்டச் சாதனையை 2003இல் ஷூமாக்கர் முறியடிக்கும் வரை எவரும் கடந்திலர். பால்கார்சேயில் அவர் பெயரால் ஒரு காட்சிச்சாலை 1986இல் திறக்கப்பட்டது. 1995 ஜூலை 17ஆந் திகதி, தம் எண்பத்துநான்காம் வயதில், புவனஸ் அயரிஸில் இறந்து, பிறந்த ஊரிலேயே அடக்கம் பெற்றார். பேழையைத் தோளிற் சுமந்தோர் சிலர். அவருள் ஒருவர் 1955, 1956, 1957 ஆகிய மூன்றாண்டுகளிலும் அவருக்கு அடுத்த இடத்தில் நின்ற ஸ்டேர்லிங் மொஸ்.